வெயிலும் வீடும்

விருதுநகரில் வெயிலுகந்த அம்மன் கோயில் ஒன்று உண்டு. தென்னாட்டுத் தெய்வங்கள் தாங்கிய திருப்பெயர்களுள் ஊரின் இயல்பை இத்துணைத் தெளிவாக உணர்த்தும் பெயர் பிறிதொன்று உளதோ என ஐயுறலாம். வெயிலைக் கண்டு விலகுவோர் உலகிற் பலர். வெயிலை உகந்து ஏற்றாள் ஒரு தெய்வம் என்று சொல்லி, அத்தெய்வத்தின் திருவடி நிழலில் குடியிருப்போர் அவ்வூர் மக்கள். 1923 வரை விருதுபட்டி என வழங்கிய அவ்வூர், அவ்வாண்டில் விருதுநகர் என்னும் பெயர் பெற்றது. இராமநாதபுரம் மாவட்டத்தினின்று 1985-இல் பிரிந்த புதிய மாவட்டத்திற்கு அதுவே தலைநகரும் ஆயிற்று.

மேற்குத் தொடர்ச்சி மலை அம்மாவட்டத்தின் மேற்கெல்லையில் நெடுமதில்போல் நிற்கிறது. ஆனி ஆடித் திங்களில் மேற்கினின்று வரும் காற்று, தான் சுமந்த நீரையெல்லாம் மலைக்கு அப்பாலே பொழிந்துவிட்டு, வெறுங்கையோடு இப்பக்கம் இறங்கும். நீர் தாராத அக்காற்று புழுதியை மட்டும் குறைவின்றித் தரும். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையே உழவர்க்குப் பெருந்துணை. கரிசல் மண்ணும், கம்பும் பருத்தியும், வெடித்த நிலமும், வெள்ளை வெயிலுமே அந்நாட்டின் காட்சி.

ஆயினும் வெயில் அந்நிலத்திற்குப் பகை மட்டும் அன்று. அதுவே வாணிகத்திற்கு முதலும் ஆயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டு, 1923-இல் தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். மருந்து தோய்ந்த குச்சி காய வேண்டும். ஒட்டிய பெட்டி காய வேண்டும். பின்னர்த் தோன்றிய பட்டாசுத் தொழிலில் மணிமருந்தும் திரியும் காய வேண்டும். ஈரக் காற்று வீசும் ஊரில் இவை நடவா. வேறு ஊரார் விறகும் நிலக்கரியும் எரித்துப் பெறும் வறட்சியைச் சிவகாசிக்கு ஞாயிறு விலையின்றி வழங்கிற்று. ஆகவே, அப்பகுதி மக்கள் வெயிலை வெறுத்தற்கும் இல்லை; அதன் நடுவே உடல் தாங்கி வாழ்வதும் எளிதன்று. பொருளைக் காய வைக்கும் வெயில் ஆளையும் காய வைக்காதவாறு காப்பது எவ்வாறு? மின்விசிறியும் குளிர்பதனப் பொறியும் தோன்றுவதற்கு முன்னரே இவ்வினாவிற்கு விடை தேடியவர் கொத்தனாரும் தச்சரும் ஆவர்.

வெயில் எங்கிருந்து வருகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். விருதுநகர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் உள்ளது. அதனால் சித்திரைத் திங்கள் பிறக்கும் நாளையொட்டி, நண்பகலில் ஞாயிறு அவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கும். நட்ட கோலின் நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கும். அதன்பின் ஞாயிறு வடபால் விலகி, ஆவணித் திங்களில் மீண்டும் உச்சிக்கு வரும். நெடுநல்வாடையில் நக்கீரர், ஞாயிறு எப்பக்கமும் சாயாத நண்பகலில் இரண்டு கோல் நட்டுத் திசை தெளிந்து, நூலிட்டு அரண்மனை வகுத்த சிற்பியரைக் கூறுகிறார். உரையாசிரியர் அந்நாளைச் சித்திரைத் திங்களில் வைத்து உரைப்பர். நிழலைக் கொண்டே வீட்டிற்கு முகம் வகுத்த அறிவு தமிழ்நாட்டிற்குப் புதியதன்று.

குளிர்நாட்டில் ஞாயிறு தாழ்ந்து செல்வதால் வெயில் சுவரின்மேல் விழும். சாளரத்தின் வழியே அறைக்குள்ளும் நுழையும். தென்பாண்டி நாட்டிலோ நண்பகல் வெயிலைத் தாங்குவது கூரையே. காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் சிறிது பொழுது சுடுகின்றன. கூரையோ நாள் முழுதும் சுடுகிறது. எனவே அந்நாட்டில் வீடு குளிர வேண்டின், பிற எல்லாவற்றினும் முன்னதாகக் கூரையைக் கவனித்தல் வேண்டும். இவ்வுண்மையை மறந்து, சுவருக்கு வண்ணம் தீட்டிச் சாளரத்திற்குத் திரை தொங்கவிட்டு, வெந்து கிடக்கும் மாடியை ஏறியும் பாராதவர் இன்று மிகுதி.

பழைய மச்சு வீடுகளின் மட்டப்பாவை நோக்குக. தேக்கு அல்லது பனை உத்திரங்களின்மேல் குறுக்குக் கட்டைகள் பரப்பி, அவற்றின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்திட்டு நெட்டுக்குத்தாக அடுக்குவர். அதன்மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். முக்கால் அடிக்குக் குறையாத கனமுடையது அத்தளம். காரைக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் வெப்பத்தை விரைந்து செல்லவொட்டா. சென்னைத் தளம் என்று பொறியாளர் இதனைக் குறிப்பர்.

சுவரும் அவ்வாறே பருத்தது. ஒன்றரை அடிக் கனமுள்ள செங்கற் சுவரில் வெயிலின் சூடு மறுபக்கம் சேர்வதற்குப் பத்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். நண்பகலில் புறப்பட்ட வெப்பம் நள்ளிரவை நெருங்குங்கால் உள்ளே எட்டிப் பார்க்கும். அதற்குள் பகலின் வேலை முடிந்துவிடும். ஆனால் இவ்வமைப்பில் ஒரு குறையும் உண்டு. பகலில் தண்ணென்று இருந்த அறை இரவில் மெல்லப் புழுங்கும். முன்னோர் அதற்கும் வழி கண்டிருந்தனர். இரவில் அவர்கள் அறைக்குள் உறங்கவில்லை. திண்ணையிலும் முற்றத்திலும் மொட்டைமாடியிலும் பாய் விரித்தனர். வேனிற்பள்ளி என்றும் கூதிர்ப்பள்ளி என்றும் பருவத்திற்கு ஏற்ற உறைவிடங்கள் சிலப்பதிகார மாளிகைகளில் பேசப்படுகின்றன. எளிய குடும்பத்தார்க்கு அத்தகைய தனியறைகள் ஏது? அவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினர். கதவைத் தாழிட்டு அறைக்குள்ளேயே உறங்கும் இக்காலத்தார் பழைய சுவரை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால் பயன் பாதியே. இரவில் புழங்கும் அறைக்கு விரைவில் ஆறும் மெல்லிய சுவரும், பகலில் புழங்கும் பள்ளிக்கும் பணிக்கூடத்திற்கும் மெதுவாகச் சூடேறும் கனத்த சுவரும் ஏற்றவை என்பர் கட்டடக் கலை வல்லார்.

காற்றின் செய்தி தனியே சொல்லத் தக்கது. சாளரத்திற்குப் பழந்தமிழில் காலதர் என்று பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒளி வரும் வாயில் என்றோ, வெளியே நோக்கும் கண் என்றோ கருதாமல், காற்றின் வழி என்றே அதனை முன்னோர் கருதினர் என்பதை அச்சொல்லே காட்டுகிறது. காற்றிற்கும் திசைக்கொரு பெயர் வைத்தனர். கிழக்கினின்று வருவது கொண்டல். தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. மேற்கினின்று வருவது கோடை. வெம்மைக்குரிய பருவத்தின் பெயரையே மேற்காற்றும் தாங்கியது நினையத்தக்கது. தென்றலுக்குத் திறந்தும் கோடைக்கு அடைத்தும் வீட்டை அமைத்தல் இந்நான்கு சொற்களை அறிந்தவனுக்கு இயல்பாக வரும்.

வீட்டின் நடுவே முற்றம் திறந்திருக்கும். அண்மையில் உள்ள செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தின் பின் முற்றமாகத் தலைவாயில் தொடங்கிப் புறக்கடைவரை ஒரே நேர்கோட்டில் வாயில்கள் அமைந்திருத்தலைக் காணலாம். சுடுகாற்று மேலெழும் இயல்பினது. முற்றத்தில் சூடேறிய காற்று மேலே செல்ல, அதன் இடத்தை நிரப்பத் தாழ்வாரத்தின் நிழலில் கிடந்த காற்று நகரும். அந்நகர்ச்சியே வீட்டிற்குள் வீசும் இளங்காற்று. விருதுநகரில் வணிகர் தெருக்களில் இடம் நெருக்கம். ஆதலின் முற்றம் சுருங்கி, மேலே இரும்புக் கம்பி பாவிய சிறு திறப்பாக நிற்றலும் உண்டு. மிளகாயும் பருப்பும் அடுக்கிய கிட்டங்கிகளில் கனத்த சுவரும், உயர்ந்த கூரையும், மேல்மட்டத்தில் சிறு காற்றுத் துளைகளும் இருக்கும். பண்டம் கெடாமல் காக்கும் அறிவும் ஆளைக் காக்கும் அறிவும் ஒன்றே.

நீரும் ஒரு கருவி. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைச் சூழவுள்ள காற்றினின்றும் பானையின் உடலினின்றும் நீர் கவர்ந்துகொள்ளும். மண்பானை நீர் குளிர்வதும், நனைத்த வெட்டிவேர்த் தட்டியின் வழி வரும் காற்று தண்ணென்றிருப்பதும் இதனாலேயே. சென்னை போன்ற கடற்கரையூரில் காற்றே ஈரமாய் இருத்தலின் இவ்வுத்தி அத்துணைப் பயன் தராது. விருதுநகரின் வறண்ட காற்றிலோ நன்கு பலிக்கும். ஆனால் வறண்ட காற்றுள்ள ஊரில் நீருக்கும் வறட்சி அன்றோ? குடிநீர்க்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் மாடிக்கு நீர் தெளிக்கச் சொல்வது தகுதியன்று.

மேற்கூறிய மச்சு வீடுகளெல்லாம் பொருள் உடையார் கட்டியவை. உழைப்பாளியின் வீடு மண்சுவரும் பனையோலைக் கூரையுமே. ஓலைக்கூரை வெப்பத்தை நன்கு தடுக்கும், ஆயினும் அஃது ஆண்டுதோறும் மட்கும், மழையில் ஒழுகும், ஒரு பொறி விழுந்தால் தெருவையே விழுங்கும். தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் ஊரில் ஓலை வீடு எத்துணை இடர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் மக்கள் காரைத் தளம் விரும்பினர். குடிசைகளைக் காரை வீடுகளாக மாற்றும் திட்டத்தை 2010-இல் தமிழ்நாட்டு அரசும் மேற்கொண்டது. கரிசற்காட்டின் சுண்ணாம்பு ஒரு காலத்தில் சாந்தாயிற்று. பின்னர் இராமசாமிராஜா நகரிலும் ஆலங்குளத்திலும் எழுந்த ஆலைகளில் சிமெண்டாயிற்று. மெல்லிய சிமெண்டுத் தளம் பாதுகாப்பானது. ஆனால் நான்கைந்து அங்குலக் கனமே உடையது. நண்பகலில் உண்ட வெப்பத்தை மாலையிலேயே உள்ளே உமிழும். வேலை முடிந்து வீடு திரும்பும் தாயும், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளும் அவ்வெப்பத்தின் கீழேயே அமர வேண்டும். இதனைக் கண்டு, பழைய குடிசையே நன்று என்று பேசுவோர் உளர். குடிசையில் வாழாதார்க்கே அப்பேச்சு எளிது. தீயினின்றும் மழையினின்றும் தப்பக் காரைத் தளம் நாடியவர் பிழை செய்தாரல்லர். அத்தளத்தைக் குளிர்விக்கும் வழியையும் அவர்க்கு உடன் கூறாமை கற்றோரின் குறையே.

வெயில் மிகுந்த பிற நாட்டாரும் இத்துறையில் முயன்றுள்ளனர். ஈரான் நாட்டின் யசுது நகரில் வீடுகளின்மேல் உயர்ந்த காற்றுக் கோபுரங்கள் நிற்கின்றன. உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து அவை அறைக்குள் இறக்குகின்றன. எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் அசன் பாத்தி என்பார், 1940-களில் நைல் ஆற்றங்கரையில் புதிய குர்னா என்னும் சிற்றூரை மண் செங்கல்லாலேயே எழுப்பினார். கட்டடங்கள் அழகும் தண்மையும் வாய்ந்தவை. எனினும் அவ்வூர்க்கென எண்ணிய மக்கள் பலர் குடிவர விரும்பவில்லை. குடியிருப்போர் விருப்பத்தோடு ஒட்டாத அறிவு எத்துணை உயர்ந்ததாயினும் வெறும் சுவராய் நின்றுவிடும் போலும்! குசராத்து நாட்டு அகமதாபாத்து நகரம், 2010-ஆம் ஆண்டுக் கடும் வெயிலில் பலரை இழந்தபின், 2013-இல் வெப்பக் காப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் எளியோர் வீடுகளின் கூரைக்கு வெள்ளை பூசும் பணியையும் அதனோடு சேர்த்தது. தமிழ்நாட்டு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இனி, பட்டாசு ஆலைக்கு வருவோம். வீட்டிலும் கடையிலும் வெயில் தாங்காதபோது பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும். பொருள் உடையார்க்கு ஏ.சி. பொறி குளிர் தரும். அப்பொறி உள்ளிருந்து கவர்ந்த வெப்பத்தைத் தெருவில் தள்ளுகிறது என்பது வேறு செய்தி. பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் அவ்விரண்டும் நுழைதற்கில்லை. மின்பொறி ஒன்று தெறித்தால் போதும், அனைத்தும் முடிந்துவிடும். ஆதலின் அவ்வறைகளில் மின்விளக்கும் இன்றிப் பகலொளியிலேயே வேலை நடைபெறும். அறைகள் சிறியவை; ஒன்றினின்று ஒன்று விலகி நிற்பவை; ஓர் அறையில் நால்வர்க்கு மேல் அமர்தல் ஆகாது. கதவுகள் வெளிநோக்கித் திறக்கும். இவ்விதிகள் ஏன் இத்துணைக் கடுமையாய் அமைந்தன என்பதை, 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிர் கொண்ட வெடிவிபத்து உலகிற்கு உணர்த்திற்று.

சித்திரை நண்பகலில் அவ்வறையின் கூரை எரிகிறது. உள்ளே அமர்ந்தவர் வியர்வையில் நனைகிறார். அறைக்கு வெளியே வேப்பமரம் தண்ணிழல் பரப்பி நிற்கிறது. மருந்தையும் குழாய்களையும் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குச் சென்றால் என்ன என்று தோன்றுவது மனித இயல்பு. ஆனால் மரத்தடியில் பட்டாசு செய்தல் விதியால் விலக்கப்பட்டது. அங்கே எத்தனை பேர் கூடுவர் என்பதற்கு எல்லை இல்லை. எவ்வளவு மருந்து குவியும் என்பதற்கும் எல்லை இல்லை. ஒருவர் கையில் நேரும் உராய்வு அனைவரையும் சூழும். சோதனைக்குச் செல்லும் அதிகாரிகள் ஆண்டுதோறும் கண்டு தண்டிக்கும் குற்றங்களுள் இதுவும் ஒன்று. தண்டனை வேண்டுவதே. ஆயினும் அறை அடுப்பாக இருக்குமளவும் மரம் அழைத்துக்கொண்டே இருக்கும். அங்ஙனமாயின், அவ்வறையைக் குளிர்வித்தல் சுகத்திற்குரிய செய்தி அன்று. உயிர்க்காப்பிற்குரிய செய்தி ஆகும்.

பழைய வழிகளுள் எது அவ்வறைக்குப் பொருந்தும்? நீர் ஆகாது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே வெம்மை பிறந்து தீப்பற்றுதலும் உண்டு. நனைத்த தட்டியை அங்கே தொங்கவிடுதல் பெருந்தவறாகும். காற்று ஓரளவே ஆகும். எதிரெதிர் வாயில்கள் உயிர் தப்பும் வழியாதலோடு காற்று வரும் வழியுமாம். எனினும் மேற்காற்று சீறி நுழைந்தால் நுண்பொடி பறக்கும். முக்கால் அடிக் காரைத்தளம் வெப்பத்தைத் தடுக்கும். வெடிப்பு நேரின் அக்கனமே ஆள்மேல் விழும். இவ்வாறு ஒவ்வொன்றாய்க் கழிந்தபின் எஞ்சி நிற்பது ஒன்று. அது கூரையின்மேல் பூசும் வெள்ளைச் சுண்ணாம்பு.

சுண்ணாம்பிற்குக் கனம் இல்லை, பொறி இல்லை, மின்சாரம் வேண்டாம், நீர் தெளிக்க வேண்டாம். பழகிக் கறுத்த சிமெண்டுத் தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உண்டு சூடேறும். புதிதாய்ச் சுண்ணாம்பு பூசிய தளமோ பத்தில் ஏறத்தாழ ஏழு பங்கைத் திரும்ப வானத்திற்கே அனுப்பிவிடும். கூரை உண்ணாத வெப்பம் அறைக்குள் வருதல் எங்ஙனம்? மேற்குச் சுவருக்கும் அதனையே பூசலாம். பட்டாசு ஆலைக்கு மட்டுமன்றி, மெல்லிய தளத்தின் கீழ்க் குடியிருப்போர் அனைவர்க்கும் இஃது எட்டும் விலையில் உள்ளது.

பூசும் முறையும் எளியதே. கிளிஞ்சற் சுண்ணாம்போ கற்சுண்ணாம்போ தொட்டியிலிட்டு நீர் விட்டு நீற்றி, ஓரிரு நாள் ஆறவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். நீற்றுங்கால் கொதித்துத் தெறிக்குமாதலின் சிறுவர் அணுகலாகாது, கண்ணுக்குக் கேடு. சோற்றுக் கஞ்சியோ வச்சிரப் பசையோ சிறிது சேர்த்தால் உதிராது பற்றும். தளத்தின் பாசியையும் புழுதியையும் தென்னந் துடைப்பத்தால் தேய்த்துப் போக்கி, வெயில் தாழ்ந்தபின் முதற்பூச்சு இட்டு, அது காய்ந்தபின் குறுக்காக இரண்டாம் பூச்சு இடுவர். கார்த்திகை மழை அதில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். கோடைப் புழுதியும் அதன் வெண்மையை மங்கச் செய்யும். ஆகையால் ஆண்டிற்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கம் பண்டே உண்டு. தைப்பொங்கலுக்குச் சுவர்கள் பளிச்சென்று வெளுக்கின்றன. வெயில் முழுதும் விழும் மாடி மட்டும் கறுத்தே கிடக்கிறது. விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல் பெருவிழா. ஞாயிறு உச்சிக்கு வருதற்குச் சின்னாட்கள் முன்னர் வருவது அது. விழாவிற்கு முன்னரே ஏணியைச் சார்த்தி மேலேறி ஒரு தொட்டிச் சுண்ணாம்பைக் கூரையில் பூசிவிட்டால், சித்திரை முதல் நாள் நிழலின்றி நிற்கும் ஞாயிற்றை அவ்வீடு வெள்ளைத் தலைப்பாகையோடு எதிர்கொள்ளும்.